மந்தகாலத்தில் ஒரு கைப்பை

2002ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, டோக்கியோவின் ஓமோதேசாந்தோ சாலையில், விலையுயர்ந்த கைப்பைகளுக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சு நிறுவனமான லூயி விட்டன் தன் புதிய கடையைத் திறந்தது. பயணப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதைப் போன்ற அதன் முகப்பைக் கட்டடக் கலைஞர் ஆவோகி ஜுன் வடிவமைத்திருந்தார். கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். முதல் நாள் விற்பனை மட்டும் பத்துக் கோடி யென்னைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. அதே 2002 ஆகஸ்டில்தான் ஜப்பானின் வேலையின்மை விகிதம் 5.5 சதவீதத்தை எட்டியிருந்தது. போருக்குப் பிந்தைய புள்ளிவிவரங்களில் அதற்கு மேற்பட்ட எண் அதுவரை இருந்ததில்லை. நிக்கேய் பங்குக் குறியீடு 1989இல் இருந்த உச்சத்தின் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. நிலத்தின் விலை பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் சரிந்துகொண்டே வந்தது.

டோக்கியோவில் நம்மவர்கள் அதிகம் வாழும் நிஷிகசாய் பகுதியில் குடியிருந்துகொண்டு, ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் கணக்கியல் மென்பொருள் தொடர்பான வேலை பார்ப்பவன் நான். மேற்சொன்ன இரண்டு செய்திகளும் ஒரே ஊரில், ஒரே பருவத்தில் எப்படி உண்மையாக இருக்க முடிந்தது என்ற கேள்வி பல காலமாக என்னைத் தொடர்ந்து வருகிறது. பொருளாதார மந்தம் என்றால் மக்கள் எல்லாச் செலவையும் ஒரே அளவில் சுருக்கிக்கொள்வார்கள், அதிலும் முதலில் ஆடம்பரத்தைத்தான் விடுவார்கள் என்றே பொதுவாக நினைக்கிறோம். ஜப்பானின் தொண்ணூறுகளையும் இரண்டாயிரங்களின் தொடக்கத்தையும் படிக்கப் படிக்க, அந்த நினைப்பு அந்தக் காலத்திற்குப் பொருந்தவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அங்கே சிக்கனமும் விலையுயர்ந்த கைப்பையும் ஒரே குடும்பத்தின் ஒரே மாதக் கணக்கிலிருந்து பிறந்தவை. அதை விளங்கிக்கொள்ளாமல், மந்தத்தின் நடுவே பை வாங்கிய இளம்பெண்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எழுதித் தள்ளியவர்கள் அவர்களுக்குப் பெரும் அநீதி செய்தார்கள் என்பதே என் கருத்து.

முதலில் செழிப்பான காலத்தைப் பார்த்துவிட வேண்டும். டாலரின் மதிப்பைக் குறைப்பதற்காக 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் செய்துகொண்ட ஒப்பந்தத்திற்குப் பிறகு, டாலருக்கு ஏறத்தாழ 240 என்றிருந்த யென்னின் மதிப்பு இரண்டே ஆண்டுகளில் இருமடங்காக உயர்ந்தது. ஏற்றுமதியாளர்கள் நலிவடையாமல் இருக்க ஜப்பானிய மத்திய வங்கி வட்டியை 2.5 சதவீதம் வரை குறைத்தது; மலிவாகக் கிடைத்த கடன் நிலத்திலும் பங்குகளிலும் போய்க் குவிந்தது. 1987இல் யாசுதா காப்பீட்டு நிறுவனம் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தை ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு வாங்கியது. 1988 ஜனவரியில் நிசான் வெளியிட்ட சீமா என்னும் சொகுசுக் கார் எதிர்பாராத அளவில் விற்க, நாளிதழ்கள் அதை ஒரு சமூக நிகழ்வாகவே எழுதின. 1989 ஏப்ரலில் 3 சதவீத நுகர்வு வரி வந்தபோது, நகை, கம்பளித் தோலாடை, கார் போன்றவற்றின்மீது இருந்த பழைய பொருள் வரி நீக்கப்பட்டது. பால், அரிசி வாங்குபவர் புதிதாக வரி கட்டத் தொடங்கிய அதே நாளில் வைர மோதிரம் வாங்குபவரின் வரிச்சுமை குறைந்தது. இந்த வரிமாற்றத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆடம்பரப் பொருள்கள் நடுத்தர மக்களின் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

1989இன் கடைசி வர்த்தக நாளில் நிக்கேய் 38,915 புள்ளிகளில் முடிந்தது. மத்திய வங்கி அடுத்தடுத்து வட்டியை உயர்த்தி 1990 ஆகஸ்டில் 6 சதவீதத்திற்குக் கொண்டுசென்றது. அக்டோபர் தொடக்கத்தில் குறியீடு 20,000க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் சந்தை விழுந்ததும் வீடுகளில் அடுப்பு அணைந்துவிடவில்லை. ஜப்பானிய நிறுவனங்கள் நிரந்தர ஊழியர்களை எளிதில் வெளியே அனுப்புவதில்லை என்பதால், 1990களின் முற்பகுதியில் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அதோடு யென்னும் வலுவடைந்து, 1995 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 80 யென் என்ற எல்லையையும் தாண்டியது. வெளிநாடு செல்லும் ஜப்பானியர்களின் எண்ணிக்கை 1990இல் ஒரு கோடியைக் கடந்து, 2000இல் ஏறத்தாழ 1 கோடியே 78 இலட்சமாக வளர்ந்தது. பாரிஸில் ஜப்பானியப் பயணிகள் பைக்கடைகளின் முன் வரிசையில் நின்ற காட்சி அந்தப் பத்தாண்டுகளுக்கு உரியது. உள்நாட்டில் சொத்தின் மதிப்பு கரைந்துகொண்டிருந்தபோதே, வெளிநாட்டில் செய்யப்பட்ட பொருள் அவர்களுக்கு மலிவாகிக்கொண்டிருந்தது.

உண்மையான அடி 1997இல் விழுந்தது. ஏப்ரலில் நுகர்வு வரி 5 சதவீதமாக உயர்ந்தது. நவம்பரில் ஒரே மாதத்திற்குள் சான்யோ பங்கு நிறுவனமும், ஹொக்காய்தோ தகுஷோகு வங்கியும், நூறாண்டு கண்ட யாமாய்ச்சி பங்கு நிறுவனமும் அடுத்தடுத்து வீழ்ந்தன. யாமாய்ச்சியின் தலைவர் செய்தியாளர்கள் முன் கண்ணீர் விட்டு, ஊழியர்கள்மீது குற்றமில்லை என்று மன்றாடியதை இன்றும் இங்குள்ள ஐம்பது வயதுக்காரர்கள் நினைவுகூர்கிறார்கள். அதன் பின்னர் நிறுவனங்கள் தம்மிடம் இருந்தவர்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் புதிதாக ஆளெடுப்பதை நிறுத்தின. 1993 முதல் 2005 வரை பள்ளி, கல்லூரி முடித்து வந்தவர்களை ஜப்பானியர் வேலைவாய்ப்பின் பனியுகத் தலைமுறை என்று அழைக்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் பகுதிநேர வேலைக்கும், ஆள்வழங்கும் நிறுவனங்களின் வழியாகக் கிடைத்த ஒப்பந்த வேலைக்கும் சென்றார்கள். மந்தத்தின் சுமையை ஒரு நாடு தன் மக்களிடையே எப்படிப் பகிர்ந்தது என்று கேட்டால், உள்ளே இருந்தவர்களைக் காத்து வாசலில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பியது என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் காலத்தில் செலவு எப்படி மாறியது என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கும் பகுதி. 1998 நவம்பரில் மலிவு ஆடை நிறுவனமான யூனிக்லோ தன் ஹராஜுகு கடையைத் திறந்து, ஃபிளீஸ் என்னும் செயற்கை இழைக் குளிர்கால மேலாடையை 1,900 யென்னுக்கு விற்றது. முதல் ஆண்டில் 20 இலட்சம், அடுத்த ஆண்டில் 85 இலட்சம், 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் 2 கோடியே 60 இலட்சம் என்று அந்த ஒரே ஆடை விற்றது. எல்லாப் பொருளும் 100 யென் என்று விற்ற தைசோ போன்ற கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2000 பிப்ரவரியில் மெக்டொனால்ட்ஸ், வார நாட்களில் 130 யென் ஹாம்பர்கரை 65 யென்னுக்கு விற்கத் தொடங்கி, 2002இல் 59 யென்னுக்கும் இறக்கியது. 1999இல் அரசு சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் முதியோர் பலருக்கும் 20,000 யென் மதிப்புள்ள பற்றுச்சீட்டுகளைக் கொடுத்தது. மக்கள் அந்தச் சீட்டை எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய அன்றாடப் பொருள்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமான ரொக்கத்தைத் தனியே எடுத்து வைத்தார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. நாடு முழுவதும் இப்படி ஒவ்வொரு யென்னையும் எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்த நாட்களில்தான் 2001இல் ஹெர்மேஸ் நிறுவனம், ரென்சோ பியானோ வடிவமைத்த கண்ணாடிக் கட்டி மாளிகையை கின்சாவில் திறந்தது. 2002இல் லூயி விட்டன், 2003இல் ஆவோயாமாவில் பிராடா, அதே ஆண்டு இறுதியில் ஓமோதேசாந்தோவில் டியோர், 2004இல் கின்சாவில் ஷனெல் என்று வரிசையாக வந்தன. நிலத்தின் விலை விழுந்ததால்தான் அந்த நிறுவனங்களுக்கு டோக்கியோவின் முதன்மையான தெருக்களில் இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மந்தம் அவர்களுக்கு வாடிக்கையாளரை இல்லாமல் செய்யவில்லை. மாறாக, கடை கட்ட மனையைக் கொடுத்தது.

எங்கள் அலுவலகத்தில் மூத்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். 1999இல் கல்லூரி முடித்து, நிரந்தர வேலை எங்கும் அமையாமல், ஆள்வழங்கும் நிறுவனம் ஒன்றின் வழியாக அலுவலக வேலைக்கு வந்தவர். மணிக்கணக்குச் சம்பளம், போனஸ் இல்லை, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, தம் இருபத்தைந்தாம் வயதின் மாதக் கணக்கை அவர் நிதானமாக விவரித்தார். பெற்றோர் வீட்டிலேயே தங்கியதால் வாடகை இல்லை; உணவுச் செலவுக்கென்று ஒரு தொகையை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மதிய உணவு வீட்டிலிருந்து வரும். குளிர்காலத்திற்கு யூனிக்லோ ஃபிளீஸ், மற்றக் காலங்களில் தள்ளுபடியில் எடுத்த சட்டைகள். பேரங்காடியின் இரண்டாம், மூன்றாம் தளங்களில் விற்ற, மலிவும் அல்லாத உயர்ந்ததும் அல்லாத ஜப்பானிய ஆடைகளை அவர் அறவே நிறுத்திவிட்டார். அவற்றைப் புதிதாக வாங்கினாலும் அடுத்த பருவத்தில் அவற்றுக்கு ஒரு மதிப்பும் இருப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணம். இப்படி மிச்சம் பிடித்த பணத்தில், மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கக்கூடிய ஒரு லூயி விட்டன் பையை அவர் வாங்கினார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த ஒரு பையைத்தான் தினமும் வேலைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்.

பை ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. வீடு வாங்கக் கடன் கேட்டால் வங்கி, நிரந்தர வேலை இல்லாதவருக்குத் தராது. திருமணம் எப்போது அமையும், அமையுமா என்பதும் தெரியாது. நிரந்தர ஊழியர்கள் ஒரு நிறத்திலும் ஒப்பந்த ஊழியர்கள் வேறு நிறத்திலும் அடையாள அட்டை அணிந்து நடமாடும் அலுவலகத்தில், எல்லாரும் ஒரே மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய பொருள் அந்தப் பை ஒன்றுதான். எதிர்காலத்தைப் பொறுத்த பெரிய பொருள்களின் கதவெல்லாம் மூடியிருந்தபோது, பணம் கொடுத்த உடனே முழுதாகத் தனக்குச் சொந்தமாகக்கூடிய, தரம் குறையாத ஒன்றை அவர் தேர்ந்துகொண்டார். இதை வீண்பெருமை என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னவர்கள் ஏராளம். சமூகவியலாளர் யமாதா மசாஹிரோ, வருமானம் இருந்தும் பெற்றோரோடு தங்கி, வாடகைப் பணத்தைத் தம் விருப்பங்களுக்குச் செலவிடும் மணமாகாத இளைஞர்களை ஒட்டுண்ணித் தனியர்கள் என்று 1990களின் பிற்பகுதியில் வகைப்படுத்தினார். அவர் கவனித்த நடைமுறை உண்மையானது. வாடகை இல்லாத அறைதான் விலையுயர்ந்த பையின் பின்னால் இருந்த மூலதனம். எனினும் ஊடகங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பெற்றோரின் உழைப்பில் சொகுசாக வாழும் மகள்கள் என்ற சித்திரத்தைத் தீட்டின. தந்தையின் நிரந்தர வேலையைக் காப்பாற்றுவதற்காகத்தான் மகளுக்கு நிரந்தர வேலை மறுக்கப்பட்டது என்பதை அந்தச் சித்திரம் காட்டவில்லை. ஒரே வீட்டில் தந்தையின் சம்பளமும் மகளின் நிச்சயமின்மையும் ஒன்றாகக் குடியிருந்தன. அந்த வீட்டின் வாடகையை மகள் மிச்சம் பிடித்தாள் என்பதைக் குற்றமாக எண்ணுவது எப்படி நியாயமாகும்?

பழக்கத்தின் வலிமையையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. வருமானம் உயரும்போது செலவு எளிதில் ஏறுகிறது, வருமானம் குறையும்போது அதே வேகத்தில் இறங்குவதில்லை என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டூசன்பெரி 1949இலேயே எழுதினார். மக்கள் தம் பழைய உச்ச வருமானத்தையும், சுற்றியிருப்பவர்களின் வாழ்க்கையையும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய விளக்கம். ஜப்பானில் நடந்ததை இதோடு பொருத்திப் பார்த்தால், செழிப்புக் காலத்தில் கண்ணாலும் கையாலும் தரத்தை அறிந்துகொண்ட ஒரு தலைமுறை, அந்தத் தரத்தை எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ள முடியாமல் போனபோது ஏதேனும் ஒன்றில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம். எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு ஒன்றில் மட்டும் உயர்ந்ததை வாங்கும் போக்குக்கு ஜப்பானியரிடம் அறுபதுகளிலிருந்தே ஒரு பெயரும் உண்டு. மந்தகாலம் அந்தப் போக்கைப் பரவலாக்கியது.

இவற்றோடு, கணக்குப் பார்ப்பவர்களுக்கு மிகவும் வலுவான காரணம் மறுவிற்பனை. பயன்படுத்திய பைகளையும் கைக்கடிகாரங்களையும் வாங்கி விற்கும் கடைகள் இங்கே தொண்ணூறுகளில் பெருகின. 1947இல் நாகோயாவின் ஓசு பகுதியில் பழைய துணிக்கடையாகத் தொடங்கிய கோமேஹ்யோ இன்று பல மாடிக் கடைகளை நடத்துகிறது. அங்கே ஒவ்வொரு பையும் தையல், கைப்பிடியின் நிறம், உட்துணியின் கறை, உலோகக் கொக்கியின் கீறல் என்று பார்வையிடப்பட்டு, நிலைக்கேற்ப எழுத்துத் தரம் இடப்பட்டே காட்சிக்கு வருகிறது. வாங்கும்போது கிடைத்த பெட்டி, துணியுறை, இரசீது எல்லாம் இருந்தால் கூடுதல் விலை. அதனால் ஜப்பானியப் பெண்கள் பை வாங்கிய நாளிலேயே அதைப் பிற்காலத்தில் விற்கக்கூடிய நிலையில் பராமரிக்கத் தொடங்கினார்கள். மழையில் பையை உடைக்குள் அணைத்துக்கொண்டு ஓடுவதை இன்றும் பார்க்கலாம். நம் ஊரில் ஒரு குடும்பம் கைவளையை அழகுக்காக அணிந்துகொண்டே, ஆபத்துக் காலத்தில் அடகுக்கடைக்குப் போகும் சொத்தாகவும் அதைக் கருதுவதைப் போன்றதுதான் இது. பைக்குத் தங்கத்தின் எடை இல்லாததால் அதன் மதிப்பு முழுவதும் தயாரித்த நிறுவனத்தின் நடத்தையைப் பொறுத்தது என்பது மட்டும் பெரிய வேறுபாடு.

அந்த நடத்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் பாரிஸில் பைகளை மொத்தமாக வாங்கி வந்த இடைவணிகர்கள், ஜப்பானில் அவற்றை இரண்டு, மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். 1978இல் லூயி விட்டன் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் நேரடியாகக் கடைகளைத் தொடங்கியபோது, அதன் ஜப்பானியப் பொறுப்பை ஏற்ற ஹாத்தா கியோஜிரோ, பாரிஸ் விலைக்கு ஓரளவு நெருங்கிய விலையை வைத்து, தள்ளுபடி என்பதே இல்லை என்ற கொள்கையைக் கடைப்பிடித்தார். பேரங்காடிக்குள் இடம் எடுத்தாலும் விற்பனையும் ஊழியரும் கணக்கும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. அதே காலத்தில் பியேர் கார்தானைப் போன்ற பல ஐரோப்பியப் பெயர்கள் துண்டு, செருப்பு, கைக்குட்டை என்று எதற்கும் தம் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமம் கொடுத்து, கண்ட இடத்திலெல்லாம் காணப்பட்டன. மந்தம் வந்ததும் உரிமத்தில் ஓடிய பெயர்கள் தள்ளுபடிக் கூடைக்குப் போயின. விலையைக் குறைக்காத பெயருக்கு மட்டும் மறுவிற்பனைச் சந்தை உருவானது. தள்ளுபடி செய்யாததால் நேற்று வாங்கியவர் இன்று ஏமாந்ததாக உணரவில்லை. எல்லா விலையும் இறங்கிக்கொண்டிருந்த பணவாட்டக் காலத்தில் இறங்காத விலை ஒன்றே ஒரு நம்பிக்கையாக மாறியது. 2003 வசந்தத்தில் ஓவியர் முராகாமி தகாஷி, லூயி விட்டனின் பழுப்பு நிற எழுத்துக் கோலத்தை வெள்ளைப் பின்னணியில் 33 வண்ணங்களில் மாற்றி வரைந்த பைகள் வந்தபோது, காத்திருப்போர் பட்டியல் நீண்டதில் வியப்பில்லை. 1896இல் உருவான அந்தக் கோலமே ஜப்பானியக் குலச்சின்னங்களைப் பார்த்து எழுந்தது என்று சொல்வார்கள். அப்படியானால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அது ஒரு ஜப்பானியரின் கைக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஒருபுறம் 1,900 யென் மேலாடையும் மறுபுறம் பாரிஸ் கைப்பையும் வளர்ந்தபோது நலிந்தவை நடுவில் இருந்த கடைகள். 2000 ஜூலையில் சோகோ பேரங்காடிக் குழுமம் ஏறத்தாழ 1.87 இலட்சம் கோடி யென் கடனோடு வீழ்ந்தது. 2001 செப்டம்பரில் மைகால், 2004இல் அரசின் மீட்பு நிதியை நாடிய தாயேய் என்று, எழுபதுகளின் நடுத்தர வாழ்க்கையை விற்ற பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மந்தத்தில் ஆடம்பரப் பொருள் விற்றால் மக்கள் துன்பப்படவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் இந்த நடுப்பகுதியைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். கின்சாவின் வெளிச்சத்திற்கான விலையின் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் சிற்றூர்களின் துணி ஆலைகளும், பேரங்காடிகளில் வேலை இழந்த நடுவயதுப் பெண்களும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாரும் என் அலுவலகப் பெண்மணியைப் போலச் சேர்த்து வைத்து வாங்கியவர்கள் அல்லர். இரயில் நிலையங்களின் எதிரே ஆளில்லா இயந்திரங்களை வைத்துச் சில நிமிடங்களில் கடன் கொடுத்த தகேஃபூஜி, ஆகோம் போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் கொழித்தன. குற்றத் தண்டனைக்குரிய வட்டி எல்லை 2000 வரை 40 சதவீதமாகவும் அதன் பிறகு 29.2 சதவீதமாகவும் இருந்தது. 2003இல் தனிநபர் திவால் மனுக்கள் 2 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கடந்து உச்சம் தொட்டன. இவர்களில் பெரும்பாலோரை வீழ்த்தியது வேலையிழப்பும் அன்றாடத் தேவையும்தான். ஆனாலும் பொருளுக்காகக் கடன் பட்டு அழிந்தவர்கள் இல்லையென்று சொல்வது பொய்யாகும். 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, 2010இல் வட்டி எல்லை 20 சதவீதத்திற்கு இறக்கப்பட்டது. அத்தனை குடும்பங்கள் சிதையும் முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

2008இல் வந்தது வேறு வகையான மந்தம். ஸ்வீடனின் மலிவு ஆடை நிறுவனமான எச் அண்ட் எம் செப்டம்பர் 13ஆம் தேதி கின்சாவில் தன் முதல் ஜப்பானியக் கடையைத் திறந்தது. இரண்டு நாள் கழித்து நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலானது. முன்பு பத்தாண்டுகளாக மெல்ல இறங்கிய பொருளாதாரம் இம்முறை சில மாதங்களில் ஏற்றுமதி சரிந்து நின்றுபோனது. தொழிற்சாலைகள் ஒப்பந்த ஊழியர்களை வேலையோடு சேர்த்துத் தங்குமிடத்திலிருந்தும் வெளியேற்றின. 2008 டிசம்பர் கடைசி நாளில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தன்னார்வலர்கள் அவர்களுக்காகக் கூடாரமடித்துச் சோறு போட்டார்கள். அந்த டிசம்பரில்தான் லூயி விட்டன், கின்சாவில் கட்டத் திட்டமிட்டிருந்த தன் பிரமாண்டமான கடையைக் கைவிட்டது. 2009இல் இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனமான வெர்சாச்சே ஜப்பானில் இருந்த கடைகளை மூடியது. 2010 டிசம்பரில் யூராகுசோவின் செய்பு பேரங்காடியும் மூடப்பட்டது.

எஸ்டே லாடர் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் லெனர்ட் லாடர் 2001இல் ஒரு கருத்தைச் சொன்னார்: பெரிய ஆடம்பரத்தை விட்டவர்கள் உதட்டுச்சாயம் போன்ற சிறிய ஆடம்பரத்தில் ஆறுதல் தேடுவார்கள் என்பது அது. உலகெங்கும் மந்தகாலங்களில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதே 2001இல் டோக்கியோவில் நடந்ததோ அதற்கு நேர்மாறானது. சிறியவற்றை எல்லாம் விட்டுவிட்டுப் பெரியது ஒன்றை வாங்கினார்கள். எனவே மந்தகால நுகர்வுக்கென்று எங்கும் பொருந்தும் ஒரே விதி இருப்பதாக நான் நம்பவில்லை. மந்தம் எவ்வளவு வேகமாக வருகிறது, வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள், வாங்கிய பொருளைத் திரும்ப விற்க முடியுமா, பெரிய கனவுகளுக்கான கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே மக்கள் எதை விடுவார்கள், எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அமைகிறது. 2008க்குப் பிறகு வேலைக்கு வந்த ஜப்பானிய இளைஞர்கள் செழிப்புக் காலத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளப் பழைய உச்சமும் இல்லை. பெரும்பாலோர் யூனிக்லோவோடு நிறைவாக இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பைகள் இப்போது நாட்டைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. 2024இல் யென்னின் மதிப்பு டாலருக்கு 160ஐத் தாண்டிச் சரிந்தபோது, ஜப்பானில் கவனமாகப் பயன்படுத்தப்பட்டவை என்ற நற்பெயரோடு விற்கும் பழைய பைகளை வாங்கச் சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா என்று பல நாடுகளிலிருந்தும் வந்தார்கள். சென்னையிலிருந்து வந்த என் உறவினர்களே ஷின்ஜுகுவில் இருக்கும் அத்தகைய கடைக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பைகளில் பல, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் இங்கே யாரோ ஒருவர் மதிய உணவைச் சுருக்கி வாங்கியவையாக இருக்கும்.

2024 பிப்ரவரி 22ஆம் தேதி நிக்கேய், 34 ஆண்டுகளுக்குப் பிறகு தன் பழைய உச்சத்தைத் தாண்டியது. அந்த மாதத்திலும், விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் உழைப்பாளரின் உண்மைச் சம்பளம் குறைந்துகொண்டுதான் இருந்தது. பனியுகத் தலைமுறையில் மூத்தவர்கள் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஒப்பந்த வேலையில் கழிந்த ஆண்டுகளுக்கு ஓய்வூதியப் பங்களிப்புக் குறைவாகச் சென்றிருப்பதால், முதுமையில் அந்தத் தலைமுறையில் பலருக்குக் கிடைக்கப்போவதும் குறைவு. 2019இல் ஹியோகோ மாகாணத்தின் தகராசுகா நகராட்சி, இந்தத் தலைமுறையினருக்கென்றே மூன்று நிரந்தரப் பணியிடங்களை அறிவித்தது. அந்த மூன்று இடங்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து 1,800க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள்.